சம்மதக் கையெழுத்து

"பாராளுமன்றத்திலை கெதியாய் முடிவெடுத்தால், நான் இவரைச் சாகடிக்கத் தேவையில்லை."

கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போகும் பேருந்தில், முன் இருக்கையிலிருந்த அம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார். ஒட்டுக்கேட்பது பிழையென்று தெரிந்தும் மடியிலிருந்த பிள்ளையை ஆட்டுவதை நிறுத்தினேன். மனைவி தன் காணியை எழுதிக் கொடுக்கக் கணவனின் சம்மதம் வேண்டும் என்ற தேசவழமைச் சட்டத்தை மாற்றலாமா என்ற விவாதம் வானொலியில் போய்க்கொண்டிருந்தது.

"என்னக்கா கதைக்கிறியள்?"

"என்ரை சீதனக் காணி. மகளுக்கு எழுத வேணும், ஆவணியிலை கலியாணம். உறுதி எழுதுற நொத்தாரிசு மனுசன்ரை கையெழுத்துக் கேக்கிறார்."

"அவர் சண்டை நேரம் காணாமல் போனவரெல்லோ?"

"ஓம். அப்ப மரணச் சான்றிதழ் எண்டாலும் கொண்டு வரட்டாம். அந்த விண்ணப்பத்தோடைதான் போறன்."

"சட்டம் மாறினால்?"

"அவர் செத்தவரெண்டு நான் ஒருத்தருக்கும் எழுதிக் குடுக்கத் தேவையில்லை. தம்பி, றேடியோவைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ."

நடத்துனர் திரும்பினார். "விவாதத்தை ஒத்திவைச்சிட்டினம், அம்மா."

"எப்ப வரைக்குமாம்?"

"அது சொல்லேல்லை."

அம்மா விண்ணப்பம் இருந்த பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"புளியங்குளத்திலை இறக்கிவிடுங்கோ, தம்பி."

"வவுனியாவுக்கெல்லோ டிக்கெட் எடுத்தனீங்கள்?"

"ஓம். இண்டைக்குப் போகேல்லை."