ஒப்புதல் கொடுத்தது நான்

மேலே எழுதியுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்து மூன்று. கணவருடனும் மகளுடனும் வசித்து வருகிறேன். நோயாளிகளுக்கு மருந்து ஏற்றும் பம்ப் செய்யும் நிறுவனத்தில், மற்றவர்கள் சி என்னும் கணினி மொழியில் எழுதும் நிரலை வரிவரியாகப் படித்து ஒப்புதல் தருவது பதினோரு ஆண்டுகளாக என் வேலை.

சென்ற மாதம் நான்காம் தேதி காலை, நாங்கள் மௌனி என்று கூப்பிடும் நிரலாளர், பம்ப்பின் எச்சரிக்கை மணிக்காக எழுதிய நானூற்றுப் பன்னிரண்டு வரிகளை எனக்கு அனுப்பினார். மணி அடிக்கும் முன், செய்தியை எழுதி வைக்க அந்த நிரல் நினைவகத்தில் இடம் கேட்கும். இடம் கிடைத்ததா என்று பார்க்காமலே அது எழுதத் தொடங்குவதைக் கண்டு, 'கிடைக்காவிட்டால்?' என்று ஓரத்தில் குறிப்பு எழுதினேன். அதன் பிறகு மௌனி என் மேசைக்கு வந்து, "அக்கா, துளியூண்டு இடம். அதுகூடவா கிடைக்காம போகும்? நாளைக்குச் சரி பண்ணிடறேன்" என்றார். அன்றே அனுப்பியாக வேண்டும் என்று மேலாளர் அதற்குள் இரண்டு முறை வந்து நின்றுவிட்டார். நான் ஒப்புதல் கொடுத்தேன். மறுநாள் மௌனியை வேறு வேலைக்கு மாற்றினார்கள், அந்த வரி சரியாயிற்றா என்று நானும் கேட்கவில்லை.

வாங்கிய இடத்தை அந்த நிரல் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அது என் கண்ணில் படவே இல்லை.

அதன் பிறகு இருபத்தாறாம் தேதி காலை, ஒரு மருத்துவமனையின் ஆறாம் கட்டிலில் பதினெட்டு நாள் அணைக்காமல் ஓடிய பம்ப்பில், மணி அடித்த ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் தீர்ந்து, கேட்டது கிடைக்காததைப் பார்க்காமலே எழுதப் போய் நிரல் உறைந்தது. மருந்து நின்றது, மணி அடிக்கவில்லை. செவிலியர் வந்து பார்க்க நாற்பது நிமிடம் ஆனது. படுத்திருந்தவர் பேருந்து ஓட்டுநர், வயது ஐம்பத்திரண்டு. அன்று மதியம் இறந்தார்.

அதன் பிறகு மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, "அந்தக் குறிப்பை அழிச்சிடுங்க. நிரல் எழுதினவன் தப்போட முடிஞ்சிடும். உங்களுக்குக் குழந்தை இருக்கு" என்றார். மௌனிக்கும் இருக்கிறது. குறிப்பை அச்செடுத்து இத்துடன் கொடுத்துள்ளேன்.

நேற்று இந்தக் காவல் நிலையத்தின் வராந்தாவில் ஓட்டுநரின் மனைவி என்னிடம், "நீங்கதானே படிச்சுப் பாத்து அனுப்பினது? அந்த வரியை நீங்க பாக்கலியாம்மா?" என்று கேட்டார்.

"பாத்தேங்க" என்றேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யார் வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)