இரண்டு வினாடி இரைச்சல்

மணி பதினொன்றே கால். கிடங்குகளுக்குப் பின்னால் போகும் ரோடு. விளக்குகள் ஒன்றுவிட்டு ஒன்றுதான் எரியும். லாரிகள் பத்துக்கே அடங்கிவிடும். அதற்குப் பிறகு அந்த ரோட்டில் போகிறவனுக்குத் தன் வண்டிச் சத்தம்தான் துணை.

இது நம் கேமராக்காரனின் அத்தானுக்கு நடந்தது. அக்கா புருஷன். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். கடையில் அவருக்குக் கத்தரி என்று பெயர். மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கும் சம்பந்தியையும் வெட்டி ஒட்டிச் சிரிக்க வைத்துவிடுவார். கேமராக்காரன் எங்களிடம் இதைச் சொல்ல ஆரம்பிக்கும் முன் எழுந்து போய் ஃபேனைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். நல்ல குளிர்காலம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அன்று கத்தரியின் போனில் நாற்பத்தோரு வினாடி இருந்தது. செத்துப்போன மனைவியின் குரல்.

அவள் போய்ப் பதினான்கு மாதம். ஒன்பது நாள் காய்ச்சல்... பத்தாம் நாள் இல்லை. ஒரே பெண். பாப்பா. அம்மா போனபோது ஐந்து வயது. அம்மா போன மறு வாரத்திலிருந்து பாப்பா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். ராத்திரி அம்மா ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறாளாம். பேசுகிறாளாம். என்ன பேசுகிறாள் என்று கேட்டால், எழுந்திரிக்காதே, அம்மா இங்கதான் இருக்கேன் என்று சொல்கிறாளாம். மீதி ஃபேன் சத்தத்தில் கேட்காதாம்.

வீடு நாலாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே நிற்க இடமில்லை.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று கத்தரிக்குத் தெரியும். அவள் குரல் இருந்த ஒரே வீடியோ. பாப்பா நீல ஷூவுக்கு லேஸ் கட்டப் பார்க்கிறாள். பாதியில் எழுந்து ஓடப் போகிறாள். படம் எடுக்கும் அம்மா அவளைத் தடுத்துச் சொல்கிறாள். முகம் தெரியாது. குரல் மட்டும், ஃபேன் இரைச்சலுக்குள்ளே. பிள்ளை இதைத்தான் கனவில் கேட்கிறது என்று நினைத்தார். குரலைத் தெளிவாக்கிக் கையில் கொடுத்தால் ஜன்னலை மறந்துவிடும். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

செய்வது எளிது. யாரும் பேசாத ஒரு துண்டை எடுத்து, இதுதான் இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். அது அந்தச் சத்தத்தைப் படித்துக்கொள்ளும். பிறகு எங்கெல்லாம் அது இருக்கிறதோ அங்கெல்லாம் கழித்துவிடும். கத்தரி வீடியோவின் முதல் இரண்டு வினாடியைக் காட்டினார். ஃபேன் போயிற்று. ஃப்ரிட்ஜின் உறுமல் போயிற்று. அறையின் எதிரொலியையும் எடுத்தார். குரல் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி நின்றது.

கழித்ததை மட்டும் தனியாகக் கேட்க ஒரு கட்டம் உண்டு. டிக் செய்து கேட்டால், இரைச்சலோடு குரலையும் வெட்டிவிட்டோமா என்று தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் முதலில் சொல்வதே அதுதான். அன்று அவர் டிக் செய்யவில்லை. அந்தக் குரலை இன்னொரு முறை கேட்கத் தெம்பில்லை.

இன்னொன்றும் செய்தார். பழக்க தோஷம். கடையில் ஹார்ட் டிஸ்க் எப்போதும் நிறைந்தே கிடக்கும். அதனால் சுத்தம் செய்ததைப் பழையதன் மேலேயே சேமிப்பார். மனைவியின் போன் ஆஸ்பத்திரியிலேயே தொலைந்திருந்தது. வேறு பிரதி இல்லை. கை தானாகப் பொத்தானை அழுத்திவிட்டது.

கிடங்கு ரோட்டில் இயர்போனை மாட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

எழுந்திரிக்காதே...

அம்மா இங்கதான் இருக்கேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. எந்த அறையிலும் ஏதாவது ஒரு சத்தம் கிடக்கும். இதில் அதுவும் இல்லை. அந்த இடைவெளி வந்தபோது அவருக்குத் தன் வண்டிச் சத்தமும் கேட்கவில்லை. காற்றும் கேட்கவில்லை. மூக்கில் ஸ்பிரிட் வாடை... ஆஸ்பத்திரிப் பஞ்சின் வாடை. இயர்போனைப் பிடுங்கினார். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

காலையில் பாப்பாவுக்குப் போட்டுக் காட்டினார். கேட்டாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது யாருப்பா?"

அம்மாதான் என்றார்.

"அம்மா பேசறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்குமே. இதுல மூச்சே இல்ல."

அவள் பாலைக் குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"நேத்தும் வந்துச்சு. வாய் மட்டும் அசையுது. சத்தமே வரல."

அன்று ராத்திரி கேமராக்காரன் அங்கே ஹாலில் படுத்திருந்தான். கர்ர்... என்று ஒரு சத்தம். நின்றது. மறுபடி... கர்ர். தரையில் ஸ்டூலை இழுக்கும் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தான். ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. பாப்பா ஸ்டூலில் ஏறி, ஜன்னல் விளிம்பில் வயிற்றை வைத்து, இடுப்புவரை வெளியே இருந்தாள். சட்டையின் முதுகைப் பிடித்து இழுத்தான். பிள்ளைக்குப் பயமில்லை. எரிச்சல்தான்.

"விடு மாமா. கிட்டப் போனாத்தான் கேக்கும்."

மறுநாள் அந்த ஜன்னலுக்கு ஸ்க்ரூ அடித்தார்கள். அவள் ஹால் ஜன்னலுக்குப் போனாள். அதையும் அடைத்தார்கள். மூன்றாம் ராத்திரி அடைத்த கண்ணாடியில் நெற்றியை மோதிக்கொண்டு நின்றாள். டொக்... டொக்... புருவத்துக்கு மேலே ரத்தம்.

பதினான்கு மாதமும் அந்தப் பிள்ளை ராத்திரியில் படுக்கையை விட்டு எழுந்ததில்லை. எழுந்திரிக்காதே என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது அது பிள்ளையின் காதில் விழவில்லை.

கத்தரி கடைக்கு ஓடினார். அழிந்த ஃபைலை மீட்க முடியுமா என்று இரண்டு நாள் தேடினார். கிடைக்கவில்லை. கிடைத்தது ஒன்றே ஒன்று. எதை இரைச்சல் என்று காட்டினாரோ, அந்த இரண்டு வினாடியை மென்பொருள் தனியாக எடுத்து வைத்திருந்தது. அதற்கு அவரே ‘ஃபேன்’ என்று பெயர் போட்டிருந்தார். ஹெட்போனை மாட்டி, சத்தத்தைக் கூட்டிக் கேட்டார்.

ஃபேன். ஃப்ரிட்ஜ். அதற்கடியில், மைக்குக்கு வெகு அருகில், ஒரு மூச்சு. உள்ளே இழுக்கும் மூச்சு. பேசப் போகிறவள் இழுக்கும் மூச்சு. அங்கே துண்டு முடிந்துவிடுகிறது.

யாரும் இல்லை என்று அவர் நினைத்த இடத்தில் அவள் இருந்திருக்கிறாள். அதைத்தான் இரைச்சல் என்று காட்டியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அந்த இரண்டு வினாடியைத் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்து, பாப்பாவின் தலைமாட்டில் ஸ்பீக்கரை வைத்தார். ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்... பிள்ளை ஜன்னலைப் பார்த்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டாள். அன்று எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

ஒரு மாதம் கழித்துக் கேமராக்காரன் மறுபடி அங்கே தங்கினான். பாப்பாவின் அறையிலேயே பாய் போட்டுக்கொண்டான். படத்தோடு சத்தத்தையும் பிடிக்கிறவனுக்குக் காது சும்மா இருக்காது. ஸ்பீக்கர் மூச்சை இழுத்தது. மறுபடி இழுத்தது. அதில் இழுப்பது மட்டும்தானே உண்டு. ஆனால் இரண்டு இழுப்புக்கும் நடுவில் மூச்சை விடும் சத்தமும் அவனுக்குக் கேட்டது. யார் விடுகிறார்கள்? ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தான். அங்கே இல்லை. கட்டிலில் இருந்து வந்தது.

பாப்பா விட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் எப்போது இழுக்கிறாள் என்று காத்திருந்தான். விரலை மடக்கி எண்ணினான். ஸ்பீக்கர் இழுத்தது. பிள்ளை விட்டாள். ஸ்பீக்கர் இழுத்தது. பிள்ளை விட்டாள். மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தான். வெளியே வரும் காற்று மட்டும் பட்டது. உள்ளே போகும் காற்று... அது படவே இல்லை.

எழுந்து ஸ்பீக்கர் ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினான். இருட்டில் ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. கத்தரி. வாசற்படியில் எப்போதிலிருந்து உட்கார்ந்திருந்தாரோ.

"வேணாம் மாப்ள. நிறுத்தினா எழுந்திரிச்சுருவா."

"கேக்குதா அத்தான் உங்களுக்கு?"

"மொத நாளே கேட்டுது."

அவன் கையை அவர் விடவில்லை. விடிந்த பிறகுதான் விட்டார்.

அதாயிற்று மூன்று வருஷம். ஸ்பீக்கர் இன்னும் ஓடுகிறது. ராத்திரி முழுக்க அது இழுக்கிறது, பிள்ளை விடுகிறாள். கரண்ட் போனால் ஓட பேட்டரியும் வாங்கி வைத்திருக்கிறார். பாப்பாவுக்கு இப்போது ஒன்பது வயது. நன்றாகத்தான் இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாகப் படிக்கிறாள் என்றான் கேமராக்காரன். சொல்லிவிட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன வாரம் அவன் போயிருந்தபோது, அலமாரியின் அடித்தட்டில் இருந்து ஒரு பழைய ஷூவை எடுத்து வந்தாளாம். நீல ஷூ. வீடியோவில் இருந்ததே, அது. நாலு வயதில் வாங்கியது. மாமா பார்க்கட்டும் என்று போட்டுக்கொண்டாள். தானே லேஸ் கட்டினாள். இரண்டடி நடந்தாள். கழன்றுவிட்டது.

அவள் காலுக்கு அது பெரிதாக இருந்தது.