கிண்ணத்தின் அடியில் நின்ற தண்ணீர்

பெயர் சுயம்பு, தகப்பனார் பெயர் பேச்சிமுத்து, வயது முப்பத்தாறு. சொந்த ஊர் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரி தாலுகா. தற்சமயம் பம்பாய் தாராவியில் குடியிருந்துகொண்டு, மாட்டுங்காவில் ஒரு மோட்டார் காரேஜில் மெக்கானிக் வேலை பார்த்து வருகிறேன். எனக்கு மராத்தி வராததால், தமிழ் தெரிந்த ஏட்டையாவிடம் கீழ்க்கண்டபடி சொல்லுகிறேன்.

இறந்துபோன வானமாமலை என் தங்கை செண்பகவல்லியின் புருஷன். பெரியநாயகம் என்பவருடைய கறுப்புக் காரை அவர் ஓட்டிவந்தார். பெரியநாயகத்துக்குத் தாராவியில் பலசரக்குக் கடையும் வாடகை அறைகளும் உண்டு. என் தங்கை குடியிருந்ததும் அவருடைய அறையில்தான். எங்கள் பக்கத்து ஆட்கள் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவோம்.

இந்த 1961ஆம் வருடம் மழை பிடித்த பிறகு, கார் வழியில் நின்று நின்று போகிறதென்று வானமாமலை எங்கள் காரேஜுக்குக் கொண்டுவந்தார். நான் எஞ்சினோடு சேர்ந்த பெட்ரோல் பம்பின் மேலிருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினேன். பெட்ரோலில் வரும் அழுக்கும் தண்ணீரும் மேற்கொண்டு போகாமல் அதில்தான் தங்கும். அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் நின்றது. டாங்கி மூடி வழியாக மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று நினைத்து, அதைக் கொட்டி, ஜாலி என்கிற வடிகட்டும் கம்பிவலையைக் கழுவி மாட்டிக் கொடுத்தேன்.

அதன் பிறகு அதே வாரத்தில் கார் மறுபடி வந்தது. அப்போதும் தண்ணீர். டாங்கிக்குள்ளே குழாய் வாயிலும் ஒரு ஜாலி உண்டு, டாங்கியை இறக்கி அதையும் சுத்தம் செய்தால்தான் தீரும் என்று சொன்னேன். அதற்கு வானமாமலை, “டாங்கியில கை வைக்காத மச்சான். முன்னால உள்ள அழுக்கு கச்ராவ மட்டும் எடுத்துவிடு, போதும்” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை வந்தபோது நான் கிண்ணத்தைக் கொட்டாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலே பெட்ரோலும் அடியில் தண்ணீரும் தனித்தனியே நின்றன. பெட்ரோலை வடித்துவிட்டு மிச்சத்தை முகர்ந்தேன். பெட்ரோலை மீறிப் புளித்த வெல்லத்தின் வாடை அடித்தது. அதை ஒரு மருந்துச் சீசாவில் ஊற்றி வைத்தேன். அதன் பிறகு காருக்கு அடியில் படுத்துப் பார்த்ததில், டாங்கியின் பின்பக்கம் ஈயம் வைத்துப் புதிதாக ஒட்டியிருந்தது. சேறு பூசி மறைத்த ஒரு சிறு பித்தளைக் குழாயும் இருந்தது. டாங்கியை நடுவில் தகடு வைத்துத் தடுத்து, ஒரு பாதியில் பெட்ரோலும் மறுபாதியில் கள்ளச் சாராயமும் ஊற்றிக் கொண்டுபோகிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

நான் வானமாமலையிடம், “மாப்ள, தடுப்பு விட்டுப்போச்சு. சரக்கு பெட்ரோலுக்குள்ள வருதுன்னா பெட்ரோலும் சரக்குக்குள்ள போவும்லா. குடிக்கவன் செத்துருவான்” என்று சொல்லி, கிண்ணத்தை மாட்ட மறுத்துவிட்டேன். அவர் போய்ப் பெரியநாயகத்தை அழைத்து வந்தார்.

பெரியநாயகம் குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றார். “ஒன் வேல ஜாலியோட முடிஞ்சுது சுயம்பு. பின்னால என்ன இருக்குன்னு ஒனக்கு எதுக்கு? தங்கச்சி புள்ளத்தாச்சியா வேற இருக்கா” என்றார். சத்தம் போடவில்லை. சாராயத்தைச் சாக்கடையில் கொட்டுங்கள் என்று நான் சொன்னேன். அவர் வானமாமலையைப் பார்த்தார். பார்த்தது மட்டும்தான்.

உடனே வானமாமலை ஒரு டீ கிளாஸை எடுத்துக் காருக்குப் பின்னால் குனிந்து குழாயைத் திறந்து பிடித்தார். “நான் குடிச்சுக் காட்டுதேன், பாரு” என்று என் கண் முன்னாலேயே குடித்தார். கிளாஸின் மேல் நிறம் நிறமாக ஒரு படலம் மிதந்தது. நான் கையைப் பிடித்து இழுப்பதற்குள் முக்கால்வாசி போய்விட்டது. பிறகு கண்ணில் நீர் வரும்படி இருமிவிட்டு, பெரியநாயகத்தைப் பார்த்துச் சிரித்தார். கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கித் தாமே மாட்டிக்கொண்டு, சரக்கை இறக்க ஆண்டாப் ஹில்லுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் பஸ் பிடித்து அங்கே போய், சரக்கு விற்கிற கொட்டகையில் யாரும் குடிக்க வேண்டாம் என்று கத்தினேன். அங்கிருந்தவர்கள் என்னை அடித்து வெளியே தள்ளினார்கள். அதன் பிறகு தங்கை வீட்டுக்குப் போனபோது வானமாமலைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வாந்தியில் பெட்ரோல் வாடை அடித்ததால் என் தங்கை அடுப்பை அணைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் காலையில் இறந்துபோனார். ஆண்டாப் ஹில்லில் குடித்தவர்களிலும் இரண்டு பேர் இறந்ததாகக் கேள்விப்பட்டேன்.

காரியம் முடிந்த வீட்டில் பெரியநாயகம் என்னிடம், “டாங்கிய ஒட்டினது வானமாமலைன்னு சொல்லிரு. செத்தவனை ஒருத்தனும் பிடிச்சு உள்ள போட மாட்டான்” என்றார். உள்ளே இருந்த என் தங்கைக்கு அது கேட்டிருக்கிறது. “நீ உள்ளதச் சொல்லு அண்ணே. நான் இந்த ரூமை விட்டு இன்னைக்கே எறங்குதேன்” என்றாள். அன்றே அவளைக் கோவண்டியில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இன்று நான் இங்கே வரும்போது பெரியநாயகம் ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார். “கோவண்டியில தங்கச்சிக்குச் சௌரியமா இருக்கா?” என்று கேட்டார். நான் நேரே உள்ளே வந்து, இதைச் சொல்லி, மேற்படி சீசாவையும் ஒப்படைத்திருக்கிறேன்.

ஏட்டையா முழுதும் வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாருக்கும் பயந்தோ, யாரும் தூண்டியோ சொன்னதல்ல. அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்)
பே. சுயம்பு