இருபத்தேழு தொட்டிகளுக்குத் தண்ணீர்

தொட்டிச் செடிகளில் முக்கால்வாசி காய்ந்து சாவதில்லை. தண்ணீர் அதிகமாகி, வேர் அழுகித்தான் சாகின்றன. ஊருக்குப் போகிறவர்கள் சாவியைக் கொடுத்து, "கொஞ்சம் பாத்து ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வாங்கிக்கொண்டவர், நாளைக்கு நம்மேல் பழி வரக் கூடாதே என்று குடம் குடமாகக் கொட்டுவார். திரும்பி வந்து பார்த்தால் இலையெல்லாம் மஞ்சள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் உதவியாளராக இருந்தவன். எதையும் அளந்து ஊற்றித்தான் எனக்குப் பழக்கம்.

நடந்ததை எல்லாம் உட்கார்ந்து எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் இடையிடையே எழுந்து நடப்பேன். வாசலில் நிற்கிற காவலரிடம் அதைச் சொல்லிவையுங்கள். நான் எழுந்தாலே அவரும் பதறிப்போகிறார். பாவம், அவருக்கும் கால் வலிக்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அதைப் பார்த்துத்தான் அண்ணன் எனக்குக் குருவி என்று பெயர் வைத்தார். அவர் ஒருவர்தான் அப்படிக் கூப்பிடுவார்.

எங்கள் வீட்டில் கீழே நான், மேலே அண்ணனும் அண்ணியும். மாடிக்கு வெளிப்பக்கமாகப் படி. அண்ணன் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குள் பேச்சு நின்ற மறுவாரமே அளவு நாடாவைக் கொண்டுவந்து சொந்த வீட்டையே அளந்து, படிக்கட்டின் அடியில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் மழையில் கோடு கரைந்துவிட்டது. பேச்சு மட்டும் திரும்ப வரவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. கல்லூரி மருந்தகத்தில் ஒரு செவிலியர் இருந்தார். கணவரை இழந்தவர், குழந்தை இல்லை. நாங்களே பேசி முடிவு செய்திருந்தோம். வீட்டுப் பெரியவர்கள் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்றிருந்தது. அவருடைய அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அண்ணனிடம் மரியாதையாக, "உங்க தம்பி எப்படிங்க?" என்று கேட்டார்.

"அவன் செருப்பு எங்க கெடக்குன்னே அவனுக்குத் தெரியாது. உங்க தங்கச்சிக்குப் புள்ள இல்லாத குறைய இவனே புள்ளையா இருந்து தீத்து வச்சிருவான்" என்று சொல்லி அண்ணன் சிரித்தார்.

அவர் கேலியாகத்தான் சொன்னார். அதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை. வந்தவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு எடுக்கவில்லை. அந்தச் செவிலியர் இரண்டு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"நீயா என்னக் கூப்பிட்டு, தப்புதான்னு சொல்ற வரைக்கும் உன்கிட்ட நான் பேசமாட்டேன்" என்றேன் அண்ணனிடம்.

"பாக்கலாம்டா" என்றார்.

பதினொரு வருடம் பார்த்தோம். அண்ணிதான் எங்களுக்குத் தபால் பெட்டி. அண்ணன் மாடியில் நின்று, "தண்ணித் தொட்டி நெரம்பி வழியுதுன்னு கீழ சொல்லு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். எனக்கும் காதில் விழும். ஆனாலும் அண்ணி இறங்கி வந்து, "தம்பி, தொட்டி வழியுதாம்" என்று சொன்ன பிறகுதான் மோட்டாரை நிறுத்துவேன். ஒருநாள் அண்ணி கடைக்குப் போயிருந்த நேரம். தண்ணீர் தெருக்கோடிவரை ஓடியது. அவர் மேலே நின்று பார்த்தார், நான் கீழே நின்று பார்த்தேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

போன மாதம் அண்ணன் மகளுக்குப் பிரசவ நேரம். அண்ணனும் அண்ணியும் பன்னிரண்டு நாள் அங்கே போய் இருப்பதாக ஏற்பாடு. அண்ணிக்கு மாடி பால்கனியில் இருபத்தேழு தொட்டிகள். ரோஜா, செம்பருத்தி, குரோட்டன்ஸ், பெரணி, கற்றாழை. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, சாவியோடு என்னிடம் கொடுத்தார். அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு படியில் நின்றிருந்தார்.

"மேல வந்தா செடியோட நிக்கச் சொல்லு. ரூம் பக்கம் போக வேண்டாம்னு சொல்லு" என்றார் அண்ணியிடம்.

"யாரு போகப் போறாங்களாம்?" என்றேன், நானும் அண்ணியிடம்.

"கடவுளே, நான் போற வழியில நிம்மதியா இருக்க விடுங்க ரெண்டு பேரும்" என்றார் அண்ணி.

அது திங்கட்கிழமை. வியாழக்கிழமை மதியம் அண்ணன் மட்டும் தனியாகத் திரும்பி வந்துவிட்டார். அடுத்தவர் வீட்டுக் கட்டிலில் அவருக்குத் தூக்கம் வராது. மகள் வீடானாலும் சரி. மாடிக்கு இன்னொரு சாவி அவரிடம் இருந்தது. பையோடு படியேறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இனிமேல் செடிகளை அவரே பார்த்துக்கொள்வாரா, நான் போவதா என்று எனக்குக் குழப்பம். போக வேண்டாம் என்று எனக்குச் சொல்ல அண்ணி ஊரில் இல்லை. சொல்லாத வரைக்கும் வேலை என்னுடையதுதானே. வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல மேலே போனேன்.

மாடி அமைப்பைச் சொல்ல வேண்டும். படியேறினால் கூடம். கூடத்தின் வலப்பக்கம் சமையலறை, இடப்பக்கம் படுக்கையறை, எதிரே பால்கனி. சமையலறைக் குழாயில்தான் பூவாளியில் தண்ணீர் பிடிக்க வேண்டும். இருபத்தேழு தொட்டிக்கு நான்கு பூவாளி. ஒவ்வொரு முறையும் படுக்கையறைக் கதவைத் தாண்டித்தான் போய்வர வேண்டும். கதவு சாத்தியிருந்தது. கூடத்து மேசையில் அவருடைய பை, அதன்மேல் அவருடைய போன்.

குழாயைத் திறந்ததும் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"யாரு? யாரு வந்திருக்கா? கீழ விழுந்துட்டேன். கால அசைக்க முடியல. யாராவது வாங்க."

அலமாரியின் மேலிருந்து போர்வை எடுக்க நாற்காலியில் ஏறினார், சரிந்தார், தொடை எலும்பு முறிந்தது என்று நீங்கள் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விழுந்துவிட்டார் என்பது மட்டும் அன்றைக்கே தெரியும். மற்றொரு சாவி என்னிடம்தான் இருக்கிறது, வந்திருப்பது நான்தான் என்று அவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் யாராவது என்றார். யாராவது என்பது என் பெயர் இல்லை. நான் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். கதவில் தாழ்ப்பாள் போட்டிருந்ததா என்று மூன்று முறை கேட்டீர்கள். இல்லை. கைப்பிடியைத் திருப்பினால் திறந்திருக்கும்.

அவர் என்னை ஒருதரம் கூப்பிட்டால் திறந்துவிடுவது என்றுதான் இருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். எழுபத்தொரு வயது மனிதர், உடம்பில் சர்க்கரை வேறு. எனக்கு ஈவு இரக்கம் இல்லாமல் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை அண்ணி எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, அவர் போன எடுக்கவே மாட்டேங்குறாரு. வந்து சேந்துட்டாரா இல்லையா?"

"நேத்தே வந்தாச்சு அண்ணி."

"நல்லா இருக்காரா?"

"மேல பேச்சுக் குரல் கேட்டுச்சு."

"போன எடுக்கச் சொல்லுங்களேன்."

"நான் எப்படி அண்ணி சொல்றது?"

அண்ணி பெருமூச்சு விட்டார். "உங்க ரெண்டு பேரையும் கட்டி மேய்க்கிறதுக்குள்ள என் உசுரு போயிடும். சரி, சார்ஜ் போட மறந்திருப்பாரு. செடிங்க எப்படி இருக்கு?"

நன்றாக இருப்பதாகச் சொன்னேன். ரோஜாவில் இரண்டு மொட்டு விட்டிருப்பதையும் சொன்னேன். இதில் எது பொய் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த நாட்களில் நான் பட்ட பாட்டை யாரும் கேட்கவில்லை. கீழே உட்கார்ந்தால் பத்து நிமிடம் உட்கார முடியாது. தெருமுனைவரை நடப்பேன், நான் இல்லாத நேரத்தில் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று பாதியிலேயே திரும்பி ஓடிவருவேன். காலையும் மாலையும் என்றிருந்த வேலை, சனிக்கிழமை ஆறு தடவை ஆனது. ஞாயிற்றுக்கிழமை எத்தனை என்று ஞாபகம் இல்லை. வெறுங்கையோடு மேலே போக எனக்கு மனம் ஒப்பாது. போகும்போதெல்லாம் பூவாளியை நிரப்பினேன். குழாயைத் திறக்கும்போது அவர், "தண்ணி" என்பார். சில சமயம் சத்தமாக, சில சமயம் தனக்குத்தானே சொல்வதுபோல. நான் தண்ணீரைத் தொட்டிகளில் ஊற்றினேன். மண் சேறாகி, தட்டுகள் நிரம்பி, பால்கனி ஓரமாக வழிந்தது. முப்பத்திரண்டு வருடம் அளந்து ஊற்றியவன், அந்த மூன்று நாளும் அளக்கவில்லை. பெரணி அழுகிப்போனது என் தப்புதான்.

திங்கட்கிழமை மதியம் குழாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அப்படியே வெகுநேரம் நின்றேன். பூவாளி நிரம்பிக் காலில் கொட்டியது. எனக்குக் கோபம்தான் வந்தது என்று எழுதினால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். ஆனால் கோபம்தான் வந்தது. புதன்கிழமை அண்ணி மனம் கேட்காமல் கிளம்பி வந்துவிட்டார். நான் அப்போது செம்பருத்திக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தது அண்ணிதான்.

முதல் வாக்குமூலத்தில், அண்ணன் கடைசிவரை என்னைக் கூப்பிடவே இல்லை, அந்தப் பிடிவாதம்தான் அவரைக் கொன்றது என்று சொல்லியிருந்தேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். இன்று காலை எதிர்வீட்டுத் தையல்காரர் சொன்னதை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள்.

அவருடைய தையல் இயந்திரம் எங்கள் மாடிக்கு நேர் எதிரே ஜன்னலோரம் இருக்கிறது. சனிக்கிழமை காலை இயந்திரத்தை நிறுத்தி ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தபோது, மாடியிலிருந்து "குருவி, குருவி" என்று அண்ணன் கூப்பிடுவது கேட்டதாம். அப்பாடா, அண்ணனும் தம்பியும் ராசியாகிவிட்டார்கள் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்தாராம். எழுந்து வந்து பார்த்திருக்கலாமே என்று அழுதாராம். அவரை நீங்கள் வையக் கூடாது. இந்தத் தெருவில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் என்னைப் பார்த்தபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"பேசிட்டீங்க போலிருக்கே. ரொம்ப சந்தோஷமுங்க. எத்தன வருசம்."

"ஆமாங்க" என்றேன்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆகவே அந்த ஒன்றைத் திருத்தி எழுதுகிறேன். அண்ணன் என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமை அல்ல, வெள்ளிக்கிழமை மாலையே கூப்பிட்டார். அண்ணியிடம் பேசி முடித்துவிட்டு மேலே போயிருந்தேன். இரண்டாவது பூவாளியோடு கதவைத் தாண்டும்போது, "குருவி" என்றார். பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல். பூவாளியைத் தரையில் வைத்தேன்.

"குருவி, நீதான்னு தெரியும்டா. நடந்து வர்ற சத்தத்துலயே தெரியும். தப்புதான்டா. அன்னிக்கு நான் அப்படிப் பேசுனது தப்புதான். வாடா."

நான் என்ன கேட்டிருந்தேனோ அதை ஒரு சொல் குறையாமல் சொல்லிவிட்டார். என் கை கைப்பிடிமேல் இருந்தது. எடுத்துவிட்டேன். மறுநாள் காலை மறுபடி சொன்னார், வேறு மாதிரியாக. பிறகு இன்னொரு மாதிரியாக. சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனதைச் சொன்னார். அந்தச் செவிலியர் வீட்டுக்கு எனக்குத் தெரியாமல் இரண்டு தடவை போய், அவர் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்ததைச் சொன்னார். அது எனக்குத் தெரியாது. நான் கதவோரம் தரையில் உட்கார்ந்து கேட்டேன். வாழ்க்கையில் நான் அசையாமல் ஓரிடத்தில் உட்கார்ந்தது அப்போதுதான்.

ஏன் திறக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். திறந்திருந்தால் கூப்பிடுவதை நிறுத்தியிருப்பார்.