பாதி மாத்திரை

வெள்ளை நாய்க்கு வெயில் ஆகாது, பாண்டிதுரை. ராஜபாளையம் நாய் என்றால் எல்லாரும் வேட்டையைப் பேசுவார்கள், தோலைப் பேச மாட்டார்கள். என் பவுனுக்கு மாசியிலேயே அடிவயிற்றில் கொப்புளம் வந்துவிட்டது. அதே வாரம்தான் உன் அக்கா முத்துப்பேச்சியை ஆஸ்பத்திரியிலிருந்து மம்சாபுரம் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அவள் கால் புண்ணில் இருந்தது சாதாரண மருந்துக்கு அடங்காத கிருமி. பத்து நாள் ஊசி போட்டார்கள். மிச்சத்துக்கு மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று, பதினான்கு நாள். ஒரு வேளையும் தவறக் கூடாது என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார்.

பவுனுக்கும் அதே மாதிரிக் கிருமிதான் என்றார் ஸ்ரீவில்லிபுத்தூர் கால்நடை டாக்டர். மனுசருக்கே கடைசியாகக் கொடுக்கிற மருந்து, நாய்க்கு எழுத மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். பவுன் அப்போது சினை. தோலைக் கடித்துக் கடித்து ரத்தமாக்கிக்கொண்டு என் முகத்தையே பார்ப்பாள். வாயில்லா ஜீவன். எனக்குத் தாங்கவில்லை.

அதனால் மாத்திரையைப் பாக்குவெட்டியால் இரண்டாக்கினேன். பாதி உன் அக்காவுக்கு, பாதி பவுனுக்கு. ஓரவஞ்சனை செய்யவில்லை.

உன் அக்கா கேட்டாள். "ஏங்க, முழுசு போடணும்னுல்லா டாக்டர் சொன்னாவ?"

"பாதி போதும்னு போன்ல சொல்லிட்டாரு" என்றேன். விழுங்கிவிட்டாள்.

பவுனுக்குப் புண் காய்ந்தது. முத்துப்பேச்சிக்குப் பத்தாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டது. திரும்பவும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். இரண்டு வேளையும் முழு மாத்திரை போட்டாளா என்று டாக்டர் கேட்டார். காலி அட்டைகளை எடுத்து நீட்டினேன்.

"அப்ப இதுவும் கேக்கல" என்று அதை நிறுத்திவிட்டு வேறு மருந்து ஏற்றினார். அவருக்கு எப்படித் தெரியும், பாவம். சோதனைக்கு எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட் வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மாத்திரைக்குக் கிருமி அடங்கும் என்றுதான் அதில் இருந்தது. அதற்குள் உன் அக்காவுக்கு நினைவு தப்பிவிட்டது. மறுநாள் போய்விட்டாள்.

அந்த ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுத்தான் நீ வந்திருக்கிறாய். உன் போலீஸ் உடுப்போடு வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். நான்தான் செய்தேன்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. அட்டையை நான் நீட்டியபோது அவள் கட்டிலில் விழித்துத்தான் கிடந்தாள். டாக்டர் கேட்டதும் அவள் காதில் விழுந்தது. பவுன் மாதிரியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாய் இருந்தது, பாண்டிதுரை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.