முத்துசெல்விக்குக் கிடைத்த ஒரு மணி நேரம்

அவைக்குத் தலைமையேற்று, இந்த அம்மா எவ்வளவு நேரம் பேசுவாளோ என்ற கவலையை முகத்தில் காட்டாமல் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே! முன்வரிசையை அணிசெய்யும் பேராசிரியப் பெருமக்களே! நம் கற்றல் துணை மையத்தின் கண்ணும் கையுமான உளவியல் ஆலோசகர் தம்பி ஹரிகிருஷ்ணன் அவர்களே! மிளகாய்ப் பழம் சிவந்து நிற்கும் இந்தத் தை மாதத்தில், ஒரு நாள் பறிப்பை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! விளாத்திகுளத்திலிருந்தும் எப்போதும்வென்றானிலிருந்தும் பேருந்து மாறி வந்து, நாற்காலியின் நுனியில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே! நன்றாகச் சாய்ந்தே உட்காருங்கள் அண்ணாச்சி, கல்லூரி நாற்காலிதான், உடையாது. கடைசி வரிசையில் தலைகுனிந்து கைப்பேசிக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே! நாகலாபுரத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கரும்பலகையோடு காலம் கழித்து ஓய்வுபெற்று, இப்போது இந்த மையத்துக்குத் துணையாக வந்துபோகும் கற்பகம் டீச்சரின் அன்பு வணக்கம் உங்கள் எல்லாருக்கும்.

பருத்தி மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டு, இடுப்பில் கைவைத்து, அப்பாடா என்று நிற்பவரைப் பார்த்திருப்பீர்கள். இன்று உங்கள் முன்னே நான் அப்படித்தான் நிற்கிறேன். என்ன மூட்டை அது, யார் தலையிலிருந்து இறங்கியது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

ஏழு மாதங்களுக்கு முன்பு இந்த மையத்தைத் தொடங்கினோம். ஒவ்வொரு மூளையும் ஒவ்வொரு விதமாகக் கற்கிறது. சிலருக்கு எழுத்து ஏறாது, சிலருக்கு உட்கார்ந்த இடத்தில் மனம் நில்லாது, சிலருக்குக் கூட்டமும் சத்தமும் தாங்காது. அதைக் கண்டறிந்து படிப்புக்கு உதவுவோம் என்பது திட்டம். அறிஞர்கள் இதற்கு 'நரம்பியல் பன்மை' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்களும் அழகாகத்தான் விளம்பரம் செய்தோம். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, "மாணவர்களுக்கு இலவச மூளைப் பரிசோதனை முகாம்" என்று ஊரெல்லாம் முழங்கினோம்.

வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? மூன்று பேர்! ஒருவர் எதிர்த்த டீக்கடைக்காரர், ரத்த அழுத்தம் பார்க்க. ஓர் அம்மா, கண்புரைக்கு. மூன்றாமவர் வாசலிலேயே நின்று, "ஸ்கேன் எடுப்பீகளா? ஐயோ, அப்ப நான் வரல" என்று திரும்பிப் போய்விட்டார். சிரியுங்கள், சிரியுங்கள். நாங்கள் அன்று சிரிக்கவில்லை. நம் மாணவர் ஒருவர்கூட வரவில்லை. யார் வருவார்? கல்லூரி வாசலில், கூடப் படிப்பவர்கள் பார்க்க, 'மூளைப் பரிசோதனை' என்ற பலகையின் கீழே எந்தப் பிள்ளை வந்து நிற்கும்?

தம்பி ஹரிகிருஷ்ணன் பலகையைக் கழற்றினார். வேறொன்று எழுதி மாட்டினார்: "படிச்சது பரீட்சையில வரமாட்டேங்குதா? வாங்க, பேசுவோம்." அந்த வாரம் நாற்பத்தொரு பேர் வந்தார்கள். நாற்பத்தோராவதாக வந்தவள் முத்துசெல்வி.

அவள் கதையைச் சொல்ல அவளிடமும் அவள் பெற்றோரிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன். அவள் அப்பா உச்சிமாகாளி அண்ணாச்சி, "பேரைத் தாராளமா சொல்லுங்க டீச்சர். நான் அழுததை மட்டும் சொல்லிராதீங்க" என்று கேட்டுக்கொண்டார். ஆகவே அதை நான் சொல்லமாட்டேன்.

முத்துசெல்வி தாவரவியல் மூன்றாம் ஆண்டு. ஆடு மேய்க்கும் குடும்பம், கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு. செய்முறைத் தேர்வில் ஓர் இலையைக் கையில் கொடுத்தால் போதும். குடும்பம் சொல்வாள், குணம் சொல்வாள், எந்தக் காட்டில் எந்த மாதம் தளிர்க்கும் என்பதையும் சொல்வாள். ஆனால் எழுத்துத் தேர்வில்? நான்கு அரியர். கேள்வித்தாளை அவள் வாசித்து முடிக்கவே அரைமணி. எழுதினால் எழுத்து இடம் மாறும். மூன்றாவது கேள்வியில் இருப்பாள், மணி அடித்துவிடும்.

அவளைப் பற்றி என்ன சொல்லவில்லை நாம்? கவனம் இல்லை என்றோம். அக்கறை இல்லை என்றோம். வகுப்பில் நல்லா பேசுற பிள்ளைக்கு எழுத மட்டும் வலிக்குதா என்றோம். இந்தக் கையும் ஆண்டாண்டாக எத்தனையோ மதிப்பெண் அட்டைகளில் 'கவனம் போதாது' என்று சிவப்பு மையில் எழுதிய கைதான். அவளோ விடியுமுன் எழுந்து, ஒரே பக்கத்தை ஏழு முறை வாசித்துக்கொண்டிருந்தாள்!

ஹரிகிருஷ்ணன் இரண்டு நாள் பொறுமையாகச் சோதித்தார். வாசிப்பில்தான் சிக்கல், அறிவில் இல்லை என்று கண்டார். டிஸ்லெக்சியா என்பார்கள். மருத்துவக் குழு அதை உறுதிசெய்தால் சான்றிதழ் கிடைக்கும். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் கிடைக்கும். கேள்வித்தாளை வாசித்துக்காட்ட ஓர் ஆளும் கிடைப்பார். விண்ணப்பம் தயார். சட்டப்படி அவளுக்கு வயது இருபது, அவள் கையெழுத்தே போதும். ஆனால், "அப்பா சரின்னு சொல்லாம போடமாட்டேன் டீச்சர்" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்பாவோ ஏற்கெனவே ஒரு முடிவில் இருந்தார். வரும் நவம்பரில் தேறாவிட்டால் படிப்பு போதும், மாப்பிள்ளை பார்ப்போம் என்பதே அது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று, மாலை நான்கு மணிக்கு அலுவலகம் மூடும் என்னும்போது, மதியம் இரண்டு மணிக்கு மனைவியோடும் மகளோடும் வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"எம்மவளுக்குக் கிறுக்குன்னு எழுதிக் கொடுக்கப் போறீகளாக்கும்?"

"அப்படி யார் சொன்னா அண்ணாச்சி?"

"பின்ன என்ன சர்ட்டிபிகேட்டு? நாளைக்குப் பொண்ணு பாக்க வாரவன் அந்தப் பேப்பரைப் பாத்தா, காப்பிய அப்படியே வச்சிட்டு எந்திரிச்சிருவான். ஒங்களுக்கென்ன, எழுதிக் குடுத்துட்டுப் போயிருவீக."

தாய்மார்களே, அவர் கோபத்தில் தப்பு உண்டா? மகள் மேல் ஒரு சொல் விழுந்துவிடக் கூடாது என்று குறுக்கே நின்ற தகப்பன் அவர். நான் விளக்கினேன். மூளை என்றேன், நரம்பு என்றேன், ஆய்வு என்றேன். நான் பேசப் பேச அவர் கதவை நோக்கி ஒவ்வோர் அடியாக நகர்ந்தார். முப்பத்து நான்கு ஆண்டு வாத்தியார் வேலை, அந்த அரைமணியில் எனக்குக் கைகொடுக்கவில்லை.

கடைசியில் ஹரிகிருஷ்ணன், "சரிங்க, கையெழுத்து அப்புறம். பிள்ளையோட சின்ன வயசைப் பத்தி பெத்தவங்க சொல்ல வேண்டிய கேள்விகள் இருக்கு. இதை மட்டும் நிரப்பிக் கொடுத்துட்டுப் போங்க" என்று தாளை நீட்டினார்.

அவர் வாங்கவில்லை. "கண்ணாடி கொண்டாரல. டீச்சரே வாசிக்கட்டும்."

நான் வாசித்தேன். "வாசிக்கும்போது வரி தவறிப்போகிறதா?"

"ஆமா. எறும்பு ஊருத மாதிரி இருக்கும்."

"பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தடுமாற்றம் உண்டா?"

"எங்க படிக்க? அதுக்குள்ள பஸ்ஸு போயிரும். கலரைப் பாத்து, கண்டக்டர் மூஞ்சியப் பாத்து ஏறிக்கிடுவேன்."

எனக்குச் சுருக்கென்றது. "அண்ணாச்சி, நான் பிள்ளையைப் பத்திக் கேக்கேன்."

"ம்... நானும் அதத்தான..." என்றார்.

அடுத்த கேள்வி தாளில் இருந்தது. 'சத்தமாக வாசிக்கச் சொன்னால், காரணம் சொல்லி விலகிக்கொள்கிறாரா?' அதை நான் வாசிக்கவில்லை. கண்ணாடி வைத்த அடையாளமே இல்லாத அவர் சட்டைப் பையைப் பார்த்தேன். ஆனால் என்னோடு சேர்ந்து இன்னொருவரும் பார்த்தார். அவர் மனைவி பொன்மணி!

"ஏங்க, ஒங்களுக்குக் கண்ணாடியே கெடையாதே? இருபத்தி மூணு வருசமா கல்யாணப் பத்திரிகைய எல்லாம் நாந்தான் வாசிக்கேன். கண்ணு கூசுது, கண்ணாடி மறந்துட்டேன், வெளிச்சம் பத்தல... என்னையவா ஏமாத்துனீக?"

அதுவரை நின்றவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஐந்தாம் வகுப்பில் வாசிக்கச் சொன்னார்களாம். எழுத்து ஆடியதாம். வெளியே வெயிலில் நிற்கவைத்தார்களாம். மறுநாள் ஆட்டுக்குப் பின்னால் போனவர் பள்ளிக்கூடம் திரும்பவே இல்லை.

முத்துசெல்வி எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். "இம்புட்டு நாளா நான் ஒருத்திதான் இப்படின்னு நெனச்சிட்டு இருந்தேன்ப்பா" என்றாள்.

அப்போது என்ன நடந்தது என்பதைத்தான் நான் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு கேட்டார்: "அப்ப இது நான் குடுத்ததா தம்பி?" ஹரிகிருஷ்ணன் மறைக்கவில்லை. "குடும்பத்துல வரக்கூடியதுதான் அண்ணாச்சி. ஒங்க தப்பும் இல்ல, அவ தப்பும் இல்ல. ஒங்களை அன்னைக்கு யாரும் கேட்டுப் பாக்கல. இவளைக் கேட்டிருக்கோம்."

இப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் மேதைகள் என்று சொல்லி உங்களை மயக்க நான் வரவில்லை. சிலர் கெட்டிக்காரர்கள், சிலர் நம்மைப் போன்றவர்கள். உழைத்த உழைப்புக்கு உரிய பலன் அவர்கள் கைக்கு வந்து சேரவேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை!

அண்ணாச்சி அப்போதும் முழுதாக இறங்கிவரவில்லை. "எல்லாப் புள்ளைக்கும் மூணு மணி நேரம், இவளுக்கு மட்டும் நாலா? ஓசி மார்க்குன்னு பேச மாட்டாகளா?" இந்தக் கேள்வி உங்களில் பலர் மனத்திலும் இருக்கும். அதோ, நான்காம் வரிசையில் ஒரு பெரியவர் ஆமாம் என்று தலையாட்டுகிறார். ஐயா, பதில் நான் சொல்லவில்லை, பொன்மணி சொன்னார்.

"செவக்காட்டுச் செம்மண்ணுல இன்னைக்கு மழை பேஞ்சா நாளைக்கே உழுதுருவான். நம்ம கரிசல்ல எறங்குனா காலு மாட்டிக்கிடும். நாலு நாள் பொறுத்து, பதம் பாத்துத்தான எறங்குதீக? பொறுத்ததுனால வெள்ளாமை ஓசியில வந்துருச்சா?"

படித்தவர்கள் எத்தனை பக்கம் எழுதினாலும் இதற்கு மேல் என்ன எழுதிவிட முடியும்? (இந்தக் கைதட்டல் பொன்மணிக்குப் போகட்டும். எழுந்து நில்லுங்கள் பொன்மணி. வெட்கப்படுகிறார், விடுங்கள்.)

சுவர்க் கடிகாரத்தில் மூன்றே முக்கால். உச்சிமாகாளி அண்ணாச்சி மகளைப் பார்த்தார். "ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்க? கையெழுத்தப் போடு, நேரமாச்சுல்லா!"

விண்ணப்பம் போனது. மருத்துவக் குழு சோதித்தது. சான்றிதழ் வந்தது. நவம்பர் வந்தது, மழையும் வந்தது.

முதல் தேர்வன்று அண்ணாச்சி கல்லூரி வாசலில் குடையோடு நின்றார். ஒரு மணிக்கு மணி அடித்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். பத்து பேர், ஐம்பது பேர், இருநூறு பேர். அவர் மகள் மட்டும் வரவில்லை! வாசல் காவலர் சுடலைமணியிடம் ஓடினார்.

"எல்லாப் பயலும் வந்துட்டானுவ, எம்புள்ளையக் காணுமே! மயங்கிக் கியங்கி விழுந்துட்டாளோ?"

"அண்ணாச்சி, ஒங்க புள்ளைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குல்லா? நீங்கதான கையெழுத்துப் போடச் சொன்னிய? நனையாம இங்கன வந்து உக்காருங்க."

இரண்டு மணிக்கு முத்துசெல்வி வந்தாள். விரலெல்லாம் மை. அப்பா எழுந்து ஓடினார். குடையை அவள் பக்கம் நீட்டினார். அவளாகவே சொன்னாள்: "எல்லாக் கேள்வியும் எழுதிட்டேன்ப்பா."

மூன்று ஆண்டுகளில் முதல் முறை. எல்லாக் கேள்வியும்!

முடிவுகள் சென்ற வாரம் வந்தன. நான்கு அரியரில் மூன்றில் தேறிவிட்டாள். ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது. ஐந்து மதிப்பெண்ணில் போனது. உங்களிடம் பொய் சொல்லமாட்டேன், அது அவளுக்கு வருத்தந்தான். "ஏப்ரல்ல எழுதிருவேன் டீச்சர், இப்பத்தான் எப்படி எழுதணும்னே தெரியுது" என்கிறாள். படிப்பை நிறுத்தும் பேச்சு வீட்டில் நின்றுபோயிற்று.

மாப்பிள்ளைப் பேச்சு நின்றதா? அதுதான் நிற்காதே! பொங்கல் கழிந்த மறுநாள் ஒரு தரகர் வந்திருக்கிறார். சான்றிதழைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாரா நம் அண்ணாச்சி? பொன்மணி சொன்னதை அப்படியே சொல்கிறேன். தரகர் காப்பியை வாயில் வைக்குமுன்னே இவர் ஆரம்பித்துவிட்டாராம்: "எம்புள்ளைக்கு வாசிக்கக் கொஞ்சம் நேரமாவும். எனக்கும் அப்படித்தான். அவ முதல்ல படிப்ப முடிக்கட்டும். அதுவரை பொறுக்கிற வீடா இருந்தா கூட்டிட்டு வாங்க. இல்லன்னா காப்பியக் குடிங்க, எனக்கு ஆட்ட அவுத்துவிட நேரமாச்சு."

ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு தாளைக் கையில் வாங்க அஞ்சிய மனிதர், அந்தத் தாளில் உள்ளதை முன்பின் தெரியாதவரிடம் தலை நிமிர்ந்து தாமே சொல்லிவிட்டார். அவர் தலையிலிருந்தும் என் நெஞ்சிலிருந்தும் இறங்கிய மூட்டை இதுதான், பெரியோர்களே!

மாணவச் செல்வங்களே, இனி உங்களுக்கு. எத்தனை பேர் ஒரே பக்கத்தை ஏழு முறை வாசிக்கிறீர்கள்? எத்தனை பேர் கேலியை ஏற்றுக்கொண்டு, சோம்பேறி என்ற பட்டத்தையும் சுமந்துகொண்டு, உள்ளதைச் சொல்லாமல் ஒதுங்கி நிற்கிறீர்கள்? கையைத் தூக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். நூலகத்துக்குப் பின்னால் மூன்றாவது அறை. திங்கள் முதல் வெள்ளி வரை கதவு திறந்திருக்கும். அங்கே யாரும் உங்களுக்குப் பட்டம் சூட்டமாட்டார்கள், யாரிடமும் உங்கள் கதையைச் சொல்லமாட்டார்கள். கேட்பார்கள். நீங்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்பார்கள். எது ஏறுகிறது, எது ஏறவில்லை என்று உங்களோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். பெற்றவர்களே, உங்களுக்கும் அங்கே நாற்காலி உண்டு. கண்ணாடி கொண்டுவர வேண்டியதில்லை!

என்னைப் பேசவிட்டுப் பொறுத்திருந்த முதல்வர் அவர்களுக்கும், பலகையை மாற்றி மாட்டிய தம்பிக்கும், தம் வீட்டுக் கதையை ஊருக்குத் தந்த அந்த மூவருக்கும், மழையில் ஒரு தகப்பனை நனையவிடாமல் உட்காரவைத்த சுடலைமணிக்கும், காடு கழனியை விட்டு வந்து காதுகொடுத்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி. விளாத்திகுளம் பேருந்து ஐந்தரைக்கு, அதைத் தவறவிட வேண்டாம். நிம்மதியாகப் போய் வாருங்கள், வணக்கம்.