நிமி வச்ச இடைவெளி

அந்தப் பக்கம் வேணாம் சார், மெஷின் கழுவுன தண்ணி கெடக்கு, வழுக்கும். இப்படி வாங்க. ஜீப்பு எங்கயும் போயிராது. டீ ஃபாக்டரிக்கு வந்துட்டு டீ குடிக்காமப் போனா எங்களுக்கில்ல அசிங்கம்? ஒக்காருங்க.

டீமேக்கர், அதான் எங்க ஃபாக்டரிப் பெரியவரு, லெட்டர் குடுத்துட்டாரா? கவர ஒட்டிக் குடுத்தாரா? ஒட்டட்டும், ஒட்டட்டும். உள்ள என்ன எழுதிருக்குன்னு இங்க பூனைக்குக்கூடத் தெரியும். உங்க காலேஜுப் புள்ள நிமி கவனமில்லாம வேல பாத்து ரோலர் பல்லு போயிருச்சு, இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் குடுக்க முடியாது. அதான? இந்த முப்பது நாளும் செல்லாதுன்னா அந்தப் புள்ள இந்த வருசம் டிகிரி முடிக்க முடியாதாமே? ஓ... காலேஜ் சார்பா நீங்க எழுதுறதுதான் முடிவா? அப்பச் சரி. குடிங்க சார், ஆறிரும்.

இங்க எத்தனையோ காலேஜ் புள்ளைக வந்துருக்குக. மெக்கானிக்கல் படிக்கிறோம்னு வருங்க. மொத நாளு புது ஷூ, தலையில ஹெல்மெட்டு, மெஷின் முன்னாடி ஒரு போட்டோ. நிமி கூட வந்தானே சுஜின், தங்கமான பய சார். பதினாறு ஸ்பேனர் எடுத்தாடான்னா பதினேழு எடுத்தாருவான். கேட்டா, ஒண்ணு கூடத்தான அங்கிள்ம்பான். அவனுக்கு சர்டிபிகேட் ரெடி! எதையும் தொடல, அதனால எதுவும் ஒடயல.

சிரிக்கிறீங்க. நெசந்தான் சார்.

நிமி அப்படியில்ல. பூப்பாறையில மொத பஸ் ஏறி எங்களுக்கு முன்னாடி வந்து நிக்கும். நாலாவது நாளே பேரிங் மேல ஸ்க்ரூ டிரைவர வச்சு, பிடியில காத வச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கு. என்னம்மா, யாரும் பாட்டுப் பாடுறாகளான்னேன். இல்ல மாமா, யாரோ பல்ல நறநறன்னு கடிக்கிறாங்கன்னுச்சு. கழட்டிப் பாத்தா உள்ள ஒரு கோலி தேஞ்சு கெடக்கு. எனக்குக் கேக்கல சார் அது. இந்தக் காதுக்குக் கேக்கல.

ரோலர் மாத்துன அன்னிக்குத்தான் வென வந்துச்சு. உங்களுக்குத் தெரியாததா? ரெண்டு ரோலரும் ஒண்ண ஒண்ணு தொடவுங் கூடாது, வெலகி நிக்கவுங் கூடாது. நடுவுல போற இலை நசுங்கி வரணும். அந்தப் புள்ள இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜ் வச்சு, தகடு தகடா விட்டுப் பாத்து, இடைவெளிய வச்சுச்சு. நோட்டுலயும் எழுதிக்கிருச்சு. மறுநாள் காலையில ஓட விட்டா, கால் மணி நேரத்துல கிறீச்சுன்னு ஒரு சத்தம், தீப்பொறி பறக்குது. ரெண்டும் உரசி பல்லெல்லாம் மழுங்கிப்போச்சு. எல்லாரும் யாரப் பாப்பாக? நிமியத்தான் பாத்தாக.

அழுகல சார். நோட்டத் தொறந்து வச்சுக்கிட்டு நின்னுச்சு. சரியாத்தான் வச்சேன் மாமா, ஆனா எனக்கே தெரியாம எங்கயோ தப்புப் பண்ணிட்டேன் போலன்னுச்சு. கடைசி நாளு வட்டயப்பம் அவிச்சுக் கொண்டாந்து எல்லாருக்கும் குடுத்துச்சு. எனக்கு மட்டும் ரெண்டு.

எனக்கு ஏன் இம்புட்டு அக்கறையா?

அது ஒண்ணுமில்ல சார். ரோலர் மாத்துன அன்னிக்கு நிமி சாப்பிடப் போயிருந்தப்ப நான் போயி அந்த இடைவெளிய ஒரு தடவ பாத்தேன். முப்பத்தொரு வருசமா ஃபிட்டரா இருக்கேன், கேஜையெல்லாம் தொட்டதில்ல. மாதா கோயில்ல குடுக்குற தினசரிக் காலண்டர்ல ஒரு தாளக் கிழிச்சு, ரெண்டு ரோலருக்கும் நடுவுல விட்டு இழுப்பேன். லேசாப் பிடிச்சா சரி. அன்னிக்கு தாளு சும்மா வழுக்கிக்கிட்டு வந்துச்சு. சின்னப் புள்ள, கூட வச்சிருச்சுன்னு நெனச்சு கொஞ்சம் இறுக்கி விட்டுட்டேன். சொன்னா சங்கடப்படும்னு சொல்லவும் இல்ல. எம்புட்டுப் பெருந்தன்மை பாருங்க! புது வருசம் பொறந்து, புதுக் காலண்டர் தாள வச்சு நான் பாத்த மொத ரோலர் அதுதான். பொறவு ஒரு நாளு வீட்ல ஞானஜோதி, என் சம்சாரந்தான், சலிச்சுக்கிட்டா. இந்த வருசம் என்னங்க காலண்டர் தாளு இப்படி நைஸா இருக்கு, ஒண்ணக் கிழிச்சா மூணு தேதி சேந்து வருதுன்னா. தாளு மெலிசா இருந்ததாலதான் வழுக்குச்சு, அந்தப் புள்ள வச்ச இடைவெளி சரிதான்னு அப்பத்தான் ஒறச்சுச்சு.

வேல போயிரும்னு பயந்தியாடான்னு என்னயவே கேட்டுப் பாத்தேன். அது இல்ல சார். சூசையப்பன் கை வச்சா தப்பாதுன்னு டீமேக்கர் சொல்லுவாரு. அந்த ஒத்த வார்த்த. அத விட மனசில்லாம இருபது நாளு வாயத் தொறக்கல. அம்பத்தஞ்சு வயசுல இதுக்குப் போயி...

இல்ல, அவருகிட்ட இன்னும் சொல்லல. உங்ககிட்ட சொல்லிட்டா மறுபடி முழுங்க முடியாதுல்ல, அதான் டீயக் காட்டி இங்க இழுத்துட்டு வந்தேன். கிளாச வச்சிட்டு எந்திரிங்க சார். சாப்பாட்டுக்குப் போறதுக்குள்ள ஆபீஸுல அவரப் பிடிச்சிருவோம். நீங்க பக்கத்துல நின்னாப் போதும், பேசுறத நான் பேசிக்கிறேன்.